கண்ணுக்குத் தெரியாத புகை

டிசம்பர் 14, தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். அதையொட்டி எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் ஓவியப் போட்டி நடக்கும். பெரும்பாலான ஓவியங்கள் ஒரே மாதிரி இருக்கும். தாளை நடுவில் பிரித்து, ஒரு பாதியில் பச்சை மரங்களும் பறவைகளும், மறுபாதியில் கரும்புகை கக்கும் தொழிற்சாலையும் வரைந்திருப்பார்கள். அந்தப் புகையை அழுத்தமாகத் தீட்டியவர்களுக்கே பல ஆண்டுகளாக நான் பரிசு கொடுத்து வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொழிற்சாலையை வரைந்திருந்தாள். கட்டடம், குழாய்கள், உயரமான புகைபோக்கி எல்லாம் இருந்தன. புகை மட்டும் இல்லை.

"புகையை விட்டுட்டியேம்மா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா பாய்லர்ல வேலை செய்யறாருங்க டீச்சர். புகை கருப்பா வந்தா விறகு சரியா எரியலைன்னு அர்த்தமாம். அவரு டூட்டியில அப்படி வராதுங்க."

சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கியவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "புகை வந்தா கம்பெனியை மறுபடியும் மூடிருவாங்களா டீச்சர்?"

'மறுபடியும்' என்ற சொல்லின் பொருள் திருப்பூரில் பணியாற்றும் ஆசிரியர்களுக்குத் தெரியும். நொய்யலில் கலந்த சாயக்கழிவு தொடர்பான வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆற்றுக்கு அந்த உத்தரவு தேவைப்பட்டது. ஆனால் வேலையிழந்த வீடுகளில் அந்த மாதங்கள் எப்படிப் போயின என்பது இன்றும் பேச்சில் வருகிறது. அந்த மாணவி அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பாள். அந்தப் பயம் அவளுக்கு வீட்டில் கேட்ட கதைகளிலிருந்து வந்தது.

என்னிடம் பதில் இல்லை. தொழிற்சாலை என்றால் புகை, புகை என்றால் கேடு என்பதற்கு மேல் நான் வகுப்பில் எதுவும் சொன்னதில்லை. என் வகுப்பில் பாதிப்பேரின் பெற்றோர் பனியன் கம்பெனியிலும் சாய ஆலையிலும் வேலை செய்பவர்கள். அவர்கள் பிழைப்பையே குற்றமாகக் காட்டும் பாடத்தை நடத்தி வந்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

இரண்டு ஓவியங்களிலும் இல்லாதது

அந்த மாணவியின் தந்தை சொன்னது சரியான அறிவியல். கரும்புகை என்பது எரியாமல் வெளியேறும் கார்பன் துகள். காற்று போதாதபோதும், விறகு ஈரமாக இருக்கும்போதும் அது வரும். நன்றாக எரிந்தால் புகை தெளியும்.

ஆனால் புவி வெப்பமாதலுக்கு முதன்மைக் காரணமான கார்பன் டைஆக்சைடுக்கு நிறம் இல்லை. புகைபோக்கியில் எதுவும் தெரியாதபோதும் அது வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். நான் பரிசு கொடுத்த ஓவியத்திலும் அது இல்லை. அவள் வரைந்த ஓவியத்திலும் இல்லை. கண்ணால் பார்க்க முடியாததைக் கணக்கால்தான் பார்க்க முடியும். அந்தக் கணக்குக்கு வேண்டிய அறிவியல் முழுவதும் நாம் நடத்தும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்ட கதைதான் இந்தக் கட்டுரை.

பாய்லர் அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மேலாளரிடம் அனுமதி வாங்கி, ஒரு விடுமுறை நாளில் அவர் வேலை செய்யும் ஆலையைப் பார்க்கப் போனேன். "வாங்க டீச்சர், பார்த்து வாங்க. அந்தக் குழாயைத் தொட்டுறாதீங்க" என்றுதான் வரவேற்றார்.

சாய ஆலையில் முதன்மையான வேலை தண்ணீரைச் சூடாக்குவதுதான். துணியை வெளுக்க 95 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெந்நீர் வேண்டும். பருத்திக்குச் சாயம் ஏற்றப் பெரும்பாலும் 60 டிகிரி போதும். அதன்பின் சோப்பு அலசலுக்கு மீண்டும் கொதிக்கும் அளவுக்குச் சூடு. இத்தனைக்கும் வேண்டிய வெப்பத்தை விறகில் எரியும் பாய்லர் நீராவியாக அனுப்புகிறது.

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். அதாவது தன்வெப்ப ஏற்புத்திறன். 30 டிகிரி தண்ணீரை 95 டிகிரிக்குக் கொண்டுபோக லிட்டருக்கு 273 கிலோஜூல். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணீர் எடுக்கும் இயந்திரத்துக்குப் பதில் 6 லிட்டர் எடுக்கும் இயந்திரம் வந்தால், ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் 2,730 கிலோஜூலுக்குப் பதில் 1,638 கிலோஜூல் போதும். வெப்பம் 40 சதவீதம் குறைகிறது. தண்ணீரும் அதே அளவு மிச்சம். பின்னால் சுத்திகரிக்க வேண்டிய கழிவுநீரும் அதே அளவு குறைவு. தண்ணீர்ச் சிக்கனமே இங்கு விறகுச் சிக்கனம்.

சாக்கடையில் ஓடிய வெப்பம்

இயந்திரத்தில் வெப்பத்தைக் கொடுத்துவிட்ட நீராவி மீண்டும் தண்ணீராகிறது. அதை 'கண்டன்சேட்' என்கிறார்கள். சாயநீரோடு கலக்காமல் தனிக் குழாயில் வருவதால் அது சுத்தமான வெந்நீர். நான் பார்த்த அன்று அது ஆவி பறக்கச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. "இதைத் திரும்பப் பிடிச்சு பாய்லருக்கு விட்டா விறகு மிச்சம்னு தெரியுங்க. எவ்வளவுன்னு கேட்டாத்தான் சொல்லத் தெரியாது" என்றார் அவர்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீரை நீராவியாக்க 2,257 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும்.

30 டிகிரி தண்ணீரில் தொடங்கினால்: 70 × 4.2 = 294. அதனுடன் 2,257 சேர்த்தால் 2,551 கிலோஜூல்.

90 டிகிரி வெந்நீரில் தொடங்கினால்: 10 × 4.2 = 42. அதனுடன் 2,257 சேர்த்தால் 2,299 கிலோஜூல்.

வேறுபாடு 252 கிலோஜூல், ஏறத்தாழ 10 சதவீதம். பாய்லர் அதிக அழுத்தத்தில் இயங்குவதால் உண்மை எண் சற்று மாறும். ஆனால் அளவு இதுதான். கண்டன்சேட் முழுவதும் திரும்பக் கிடைக்காது. பாதி கிடைத்தாலே நூறு டன் விறகில் ஐந்து டன் மிச்சம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது.

விறகிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எடையில் 40 சதவீதம் ஈரம் உள்ள ஒரு கிலோ விறகில் 400 கிராம் தண்ணீர். அடுப்பு முதலில் அந்தத் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க வேண்டும். அதற்கே ஏறத்தாழ 1,000 கிலோஜூல் போய்விடும். மீதியுள்ள 600 கிராம் மரம் எரிந்து தருவது சுமார் 10,800 கிலோஜூல். பத்தில் ஒரு பங்கு விறகு தன் ஈரத்தை உலர்த்தவே எரிகிறது. கூரை போட்ட கிடங்கில் அடுக்கி ஈரத்தை 20 சதவீதமாகக் குறைத்தால், அந்த இழப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். நம் பாட்டிமார் மழைக்காலத்துக்கு முன் விறகை உள்ளே அடுக்கியதும் இதே காரணத்துக்காகத்தான்.

புகைபோக்கி வழியாகவும் வெப்பம் போகிறது. வெளியேறும் வாயுவின் வெப்பநிலையை 22 டிகிரி குறைத்தால் பாய்லரின் திறன் ஒரு சதவீதம் கூடும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. அந்த வாயுவின் வழியில் தண்ணீர்க் குழாய்களை வைத்து, பாய்லருக்குப் போகும் நீரை முன்கூட்டியே சூடாக்குவார்கள்.

"விறகில் கார்பன் கணக்கு உண்டா டீச்சர்? மரம்தானே?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கார்பனைத்தான் எரியும்போது திருப்பித் தருகிறது. ஆனால் வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்ந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். நிலக்கரியை எரித்தாலோ, கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த கார்பன் புதிதாகக் காற்றில் சேர்கிறது.

அமைதியில் கேட்ட சத்தம்

ஞாயிறு என்பதால் மற்ற இயந்திரங்கள் ஓடவில்லை. அந்த அமைதியில் 'உஸ்' என்று ஒரு சத்தம் தொடர்ந்து கேட்டது. அழுத்தக் காற்று கசியும் சத்தம். வால்வுகளை இயக்கவும், தூசி ஊதவும், பேக்கிங் பிரிவிலும் அழுத்தக் காற்று பயன்படுகிறது. மற்ற நாட்களில் இந்த ஒலி இயந்திரச் சத்தத்தில் அமுங்கிவிடும்.

காற்றுதானே என்று தோன்றும். ஆனால் கம்ப்ரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுவதால், தொழிற்சாலையில் மிக விலையுயர்ந்த ஆற்றல் வடிவங்களில் அழுத்தக் காற்றும் ஒன்று. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால், அந்தக் கசிவை ஈடுகட்டவே சுமார் 3 கிலோவாட் மின்திறன் வேண்டும். நாளெல்லாம் ஓடும் ஆலையில் ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால்: 3 × 24 × 300 = 21,600 யூனிட். மாதம் 200 யூனிட் செலவாகும் ஒன்பது வீடுகளின் ஓராண்டு மின்சாரம் அது. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. அப்படியானால் அந்த ஒரு துளையின் பங்கு ஆண்டுக்கு 15 டன். புகைபோக்கியே இல்லாத புகை இது.

கசிவை அளக்கும் முறை மிக எளிது. எல்லா இயந்திரங்களும் நின்றிருக்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓட விட வேண்டும். கசிவே இல்லையென்றால் தொட்டி நிரம்பியதும் அது மீண்டும் காற்றேற்றத் தேவையில்லை. இரண்டு நிமிடம் காற்றேற்றி, ஆறு நிமிடம் சும்மா இருந்து, மறுபடி காற்றேற்றினால்: 2 ÷ (2 + 6) = 25 சதவீதம். அதன் கொள்ளளவில் கால் பங்கு கசிவுக்கே போகிறது. கையில் ஒரு கடிகாரமும் ஏழாம் வகுப்புச் சதவீதக் கணக்கும் போதும். துளையைக் கண்டுபிடிக்கச் சோப்பு நுரை. சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கும் அதே முறைதான்.

அம்மாக்கள் உட்காரும் இயந்திரம்

தொழிற்சாலை மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மோட்டார்களில் செலவாகிறது. இதற்கு எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு தையல் இயந்திரம். பழைய பவர் மெஷினில் இருப்பது கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்டதிலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கும்; மிதியை அழுத்தும்போது மட்டும் ஊசியோடு இணையும். துணியை எடுக்கும்போதும், மடிக்கும்போதும், கத்தரிக்கும்போதும் மோட்டார் வீணாகச் சுற்றும். சர்வோ மோட்டார் மிதியை அழுத்தினால் மட்டுமே சுற்றும். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், "அதுல சத்தமும் இல்லைன்னு எங்கம்மா சொன்னாங்க டீச்சர்" என்றான். வீணாகும் ஆற்றல் சத்தமாகவும் வெப்பமாகவும் அந்த அம்மாவின் உடம்பைத்தான் முதலில் தொடுகிறது.

மின்விசிறி வகை இயந்திரங்களில் இன்னொரு வியப்பு உண்டு. பாய்லர் புகையை இழுக்கும் பெரிய விசிறியை எடுத்துக்கொள்வோம். தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது ஐந்தில் ஒரு பங்கு வேகம் குறைந்தால் திறன் கிட்டத்தட்டப் பாதியாகிறது. முழு வேகத்தில் ஓடவிட்டுத் தடுப்பால் காற்றை மறிப்பதற்கும், வேகத்தையே குறைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். மும்மடியை 'எதற்கு டீச்சர் படிக்கணும்?' என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

ஆற்றைக் காக்கவும் ஆற்றல் வேண்டும்

மூடப்பட்ட ஆலைகள் படிப்படியாகத் திறக்க வழிசெய்தது, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை. ஆனால் அதற்கு நிறைய ஆற்றல் தேவை. 1,000 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் 22,57,000 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் அது ஏறத்தாழ 627 யூனிட். அதே தண்ணீரை எதிர் சவ்வூடு பரவல் முறையில், நம் வீட்டு ஆர்.ஓ. போல, சவ்வு வழியே அழுத்திப் பிரிக்கச் சில யூனிட்டுகளே போதும். அதனால்தான் எடுக்க முடிந்த தண்ணீரையெல்லாம் முதலில் சவ்வால் எடுத்துவிட்டு, எஞ்சும் அடர்ந்த உப்புநீரை மட்டும் ஆவியாக்குகிறார்கள்.

அங்கும் ஓர் அழகான அறிவியல் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். முதல் கலத்தில் கிளம்பும் ஆவியை, அழுத்தம் குறைந்த இரண்டாம் கலத்தைக் கொதிக்க வைக்க அனுப்புகிறார்கள். அதன் ஆவி மூன்றாம் கலத்துக்கு. இப்படி மூன்று கலங்கள் இருந்தால், ஒரு கிலோ நீராவியைக் கொண்டு இரண்டு கிலோவுக்கும் மேல் தண்ணீரை ஆவியாக்கலாம். ஒரே உள்ளுறை வெப்பம் மூன்று முறை வேலை செய்கிறது.

அந்த மாணவியின் கேள்விக்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்கியது. ஆலையை மூடுவது, கண்டுகொள்ளாமல் விடுவது என்று இரண்டு வழிகள் மட்டும் இல்லை. அளந்து, திருத்தி, நடத்துவது என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. எரிபொருள் குறைந்தால் செலவு குறையும், ஆலையும் நிலைக்கும்.

சேமிப்பு மட்டும் போதுமா?

போதாது என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு சிமெண்ட் செய்கிறார்கள். 100 கிராம் கால்சியம் கார்பனேட் சிதைந்தால் 56 கிராம் கால்சியம் ஆக்சைடும் 44 கிராம் கார்பன் டைஆக்சைடும் கிடைக்கும். உலையைச் சூரிய ஒளியாலேயே சூடாக்கினாலும் அந்த 44 கிராம் வரத்தான் செய்யும். அது கல்லுக்குள்ளேயே இருக்கிறது. எனவே சுட்ட கல்லின் அளவையே குறைக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம் வரை கலந்து செய்யும் சிமெண்ட் நம் கடைகளிலேயே கிடைக்கிறது. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனை அகற்றக் கல்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைப் பயன்படுத்தி, 2021இல் ஸ்வீடனில் எஃகு செய்து காட்டினார்கள். இவை பெரிய முதலீடும் காலமும் கேட்கும் வழிகள். கசிவை அடைப்பதற்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை.

சட்டமும் இருக்கிறது. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. குளிர்பதனப் பெட்டிக்கு நட்சத்திர முத்திரை தரும் மத்திய அமைப்புதான், 2012இல் சிமெண்ட், எஃகு, ஜவுளி போன்ற துறைகளின் பெரிய ஆலைகளுக்கு ஆற்றல் சேமிப்பு இலக்கு வைக்கும் திட்டத்தை நடத்தத் தொடங்கியது. எரிசக்தித் தணிக்கையாளர் என்ற பணிக்குத் தேசிய அளவில் தேர்வும் உண்டு. உயர்கல்வி வழிகாட்டலில் நாம் சொல்லவேண்டிய பணி. ஆனால் எங்கள் ஊரில் நிறைந்திருக்கும் சிறு ஆலைகளுக்கு அத்தகைய இலக்கு இல்லை. அங்கே கசிவைக் காண்பது தொழிலாளியின் கண்ணும் காதும்தான். நாளை அந்த இடத்தில் நிற்கப்போவது நம் மாணவர்கள்.

வகுப்பறையில் செய்து பார்த்தவை

• இரண்டு டம்ளர்களில் ஒரே அளவு வெந்நீர். ஒன்றைத் துணியால் சுற்றி மூடி வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையலாம். உறையிட்ட குழாய்க்கும் உறையிடாத குழாய்க்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். வெந்நீரை ஆசிரியரே ஊற்றுவது நல்லது.

• பள்ளி விடும்போதும் மறுநாள் காலையிலும் மின்மீட்டரைக் குறிக்கலாம். யாரும் இல்லாத இரவில் ஓடிய யூனிட் எவ்வளவு? எது ஓடியது? கம்ப்ரசர் சோதனையின் பள்ளி வடிவம் இது. எங்கள் பள்ளியில் அணைக்காமல் விட்ட இரண்டு விளக்குகளும், யாரும் கவனிக்காத கழிப்பறைக் குழாய்க் கசிவால் விடியும் முன்பே ஓடிய தண்ணீர் மோட்டாரும் இப்படித்தான் தெரிந்தன.

• ஒரு ஈர விறகுத் துண்டை வாரந்தோறும் எடைபோட்டு, குறையும் ஈரத்தைச் சதவீதமாக எழுதலாம்.

• "உங்கள் வேலையிடத்தில் எது வீணாகிறது?" என்று பெற்றோரைக் கேட்டு எழுதச் சொல்லலாம். இதில் ஒரு கவனம் வேண்டும். கம்பெனியின் பெயரை எழுத வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நம் பாடத்தால் யார் வேலைக்கும் இடைஞ்சல் வரக் கூடாது.

அடுத்த ஆண்டு ஓவியம்

என் கணக்குத் தாளை அந்தத் தந்தை மேலாளரிடம் காட்டினார். சில மாதங்கள் கழித்து, வெந்நீரைத் திரும்பப் பிடிக்கும் தொட்டி வந்துவிட்டது என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். காற்றுக் கசிவைப் பாதிதான் அடைத்திருக்கிறார்களாம். பேக்கிங் பக்கம் இன்னும் 'உஸ்' என்கிறதாம்.

மறு ஆண்டு ஓவியப் போட்டிக்கு ஒரு விதி சேர்த்தேன். ஓவியத்தில் மாணவரே கண்டுபிடித்த ஓர் எண் இருக்க வேண்டும். ஒரு மாணவன் தையல் இயந்திரம் வரைந்து, தன் அம்மா ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் மிதியை அழுத்துகிறார் என்று எழுதியிருந்தான். பாய்லர்காரரின் மகள் மீண்டும் அதே தொழிற்சாலையைத்தான் வரைந்தாள். இம்முறையும் புகை இல்லை. ஆனால் சாக்கடைக்குப் போன குழாயைத் திருப்பி பாய்லரோடு இணைத்து, அதன் மேல் '10%' என்று சிவப்பில் எழுதியிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார்.